பாக்சோ இந்தப் பக்கம்

புவியியல் விரிவுரையாளர் பாலுபிக்குப் பாடம் நடத்த வரும்; கூட்டம் சேர்க்க வராது. ஆனால் பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வு வேண்டுமென்றால் ஊர்ச்சேவையும் செய்தாக வேண்டுமாம். ஜாவாவின் தென்கரையில் ஒரு மீனவர் கிராமத்தைப் பிடித்து, கடல் பொங்கினால் குன்றுக்கு ஓடுங்கள் என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். வழி காட்டப் பச்சை அம்புப் பலகைகளும் நட்டார். ஊர் அவரை ‘இபு’, அதாவது அம்மா, என்று மரியாதையாகத்தான் கூப்பிடும். பேச்சை மட்டும் கேட்காது.

ஒத்திகை நாள் வந்தது. மதிப்பெண் போட வந்த பெரிய மனிதர்கள் குன்றின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கு ஊதியது. ஊரே திபுதிபுவென்று ஓடியது, கடலைப் பார்த்து! பாலுபி பின்னாலேயே ஓடிப் போய்ப் பார்த்தால், கரையோரம் துக்கிரானின் பாக்சோ தள்ளுவண்டி. இறைச்சி உருண்டை சூப் கொதிக்கிறது, சனம் கிண்ணத்தோடு நிற்கிறது.

“பலகையத் திருப்பினது யாருண்ணே?”

“நான்தான் இபு. சும்மா நின்னுக்கிட்டிருந்துச்சு, நம்ம யாவாரத்துக்காவது உதவட்டுமேன்னு.”

“நெசமா அலை வந்தா அத்தன பேரும் செத்துருவாங்கண்ணே.”

“பசியோட சாக மாட்டாங்கல்ல?”

பதவி உயர்வு கோவிந்தா. அது போய்த் தொலையட்டும். இத்தனை பிள்ளைகுட்டிகளையும் கடல் வாரிக்கொண்டு போய்விடுமே என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கொதிக்கும் அண்டாவைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.

“கடையக் குன்று மேல போடுங்கண்ணே. எல்லாப் பலகையும் உங்களுக்கே. பாக்சோன்னே எழுதிக்கிடுங்க.”

“வண்டிய யாரு மேல தள்ளுறது?”

“நான் தள்ளுறேன்.”

தள்ளினார். ஒரு வாரம் முதுகு நிமிரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கடற்கரை மண்டபத்தில் பாலுபி கூட்டம் போட்டிருந்தார். வழக்கம்போல ஒரு ஈ காக்காய் இல்லை. காலி நாற்காலிகளைத் திட்டிக்கொண்டிருந்தபோது தரை ஆடியது. தன் பலகைகளையே பார்த்துப் பார்த்து ஓடினார். ‘பாக்சோ இந்தப் பக்கம்’ என்றது ஒவ்வொன்றும்.

நாக்குத் தள்ள மேலே ஏறினால், ஊர் மொத்தமும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கீழே கடல் உள்ளே வந்தது. அவருடைய மண்டபம் அன்றைக்குத்தான் முதன்முதலாக நிரம்பியது.

துக்கிரான் ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

“எல்லாரும் எப்பவோ வந்தாச்சு இபு. நீங்கதான் லேட்டு.”