ஆறு நிமிடம் சும்மா இருப்பவர்களுக்கு

எதிர் வீட்டு முன்னறையில் நாலு வருஷமாக ஒரு பறவையை வளர்க்கிறார்கள். தீனிச் செலவு கிடையாது, பறவை இருப்பது திரையில். அதை வரைவது அண்ணி, புரோகிராம் எழுதி நடமாட வைப்பது நாத்தனார். அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேசையில் நாலு வருஷம் உட்கார்ந்தும் மண்டை உடையவில்லை என்பதே எங்கள் தெருவில் பெரிய செய்தி.

விளையாட்டு இவ்வளவுதான்: நீங்கள் புல்லுக்குள் ஒளிந்திருக்கிறீர்கள். கன்ட்ரோலரில் பட்டனைத் தொட்டால் பறவை பறந்துவிடும். மடியில் வைத்துவிட்டு ஆறு நிமிடம் சும்மா இருந்தால் பக்கத்தில் வந்து உட்காரும். எனக்கும் ஒரு தடவை வந்தது, நாலைந்து தடவை கை வைத்துக் கெடுத்த பிறகு.

இது டிவியில் மாட்டும் கேம் பெட்டிக்குள் போக வேண்டுமென்றால் பெட்டிக் கம்பெனியின் சோதனையில் தேற வேண்டும். வெளியார் செய்யும் விளையாட்டுகளைக் கவனிக்க அங்கே ஓர் அம்மாள் இருக்கிறார். அவர் போன் வந்தாலே இரண்டு பேரும் எழுந்து நின்று பேசுவதைப் பார்த்து, அண்ணியின் கணவர் அவருக்கு 'சம்பந்தியம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்.

பறவை சோதனையில் தேறாமல் மூன்று முறை திரும்பி வந்தது. ஐந்து நிமிடம் யாரும் பட்டனைத் தொடாவிட்டால் திரை மங்க வேண்டும் என்பது பெட்டியின் சட்டம். மங்க விடாவிட்டால் தேறாது; மங்க விட்டால், ஆறாவது நிமிடம் பறவை வந்து உட்காருவது இருட்டில். வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் இந்த வருஷம் வெளியாகும் விளையாட்டுகளின் வரிசையில் இடமில்லை. நாத்தனார் பழைய இன்சூரன்ஸ் ஆபீஸுக்கே திரும்ப வேண்டியதுதான்.

"நாலு நிமிஷமாக்கிடேன். யாரு கடிகாரம் வெச்சுப் பாக்கப்போறாங்க?" என்றாள் அண்ணி.

"நாலு நிமிஷம் எல்லாரும்தான் சும்மா இருப்பாங்க, அண்ணி. அஞ்சு தாண்டினாத்தான் கை அரிக்கும். அந்த அரிப்புதான் விளையாட்டே."

"அப்ப அந்த அரிப்போட ஆபீஸுக்குப் போ."

ஜன்னல் திறந்திருந்தது. நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செடி அன்று வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தது.

புதன்கிழமை சம்பந்தியம்மா நேரிலேயே வந்துவிட்டார். ஸ்குரூ டிரைவர் கேட்கும் சாக்கில் நானும் உள்ளே போய்விட்டேன். மிடுக்கான ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஒல்லி, செருப்பில் வார் தையல் விட்டிருந்தது. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தாவது நிமிடம் திரை மங்கியது. பழக்க தோஷத்தில் கட்டைவிரல் பட்டனைத் தொட்டது. வெளிச்சம் வந்தது, பறவை போய்விட்டது.

"நானே விரட்டிட்டேனா?"

"நீங்க இல்லைங்க, உங்க சட்டம்," என்றாள் நாத்தனார். அண்ணி அவள் இடுப்பைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

சம்பந்தியம்மா கன்ட்ரோலரை மேசையில் வைத்தார். "எங்க சொந்த ஆளுங்க செய்யற கேம்ல நீளமா கதைக்காட்சி வரும். அப்ப திரை மங்காம இருக்க ஒரு விதிவிலக்கு உண்டு. இந்த இடத்துல பாக்கறதுதான் விளையாட்டுன்னு எழுதிக் குடுத்தாப் போதும்."

"எங்களுக்குக் குடுத்த விதிப் புத்தகத்துல அது இல்லையே," என்றாள் அண்ணி.

"வெளியாளுங்க புத்தகத்துல அந்தப் பக்கமே கிடையாது. யாரும் மறைக்கலைம்மா. போடணும்னு தோணலை, அவ்வளவுதான். என் பொறுப்புல நாப்பத்தோரு டீம். எல்லாருக்கும் மெயிலோட சரி. உங்க கடைசி மெயில் கொஞ்சம் காரமா இருந்துச்சு, அதான் கிளம்பி வந்தேன்."

அந்த மெயிலை அண்ணிக்குத் தெரியாமல் அனுப்பிய நாத்தனார் தரையைப் பார்த்தாள். அண்ணி திட்டவில்லை, காகிதமும் பேனாவும் எடுத்து வந்தாள்.

அந்தப் பெட்டியில் கேம் வாங்கும் கடையில் துப்பாக்கியும் காருமாகவே இருப்பதைப் பார்த்து, இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமையே இல்லை என்று நானும் வாய்கிழியப் பேசியிருக்கிறேன். பொறுமையான விளையாட்டெல்லாம் வாசலோடு திரும்பிப் போனது எனக்கு எப்படித் தெரியும்?

கிளம்பும்போது நாத்தனார் கேட்டாள்: "போன வருஷம் ஒருத்தர் மீன்பிடி விளையாட்டு செஞ்சாரே, இதே சட்டத்தால விட்டுட்டுப் போனாரு. அவருக்கும் சொல்லலாமா?"

சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கியது. "அவரும் என் பொறுப்புல இருந்தவர்தான்," என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. பறவை தேறிவிட்டது. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். நாத்தனார் போனை ஸ்பீக்கரில் போட்டாள். "மீன்காரர்கிட்ட பேசினீங்களா?"

"பேசினேன். விதிவிலக்கு பத்தி எல்லாம் கேட்டுக்கிட்டாரு. அப்புறம், 'என் மீன் கடிக்க ஏழு நிமிஷமாகும், பரவாயில்லையா'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எட்டாக்கூட வெச்சுக்குங்கன்னு சொன்னேன்."