இரண்டாவது குளிப்பாட்டு

"நாளைக்கு அவுங்க வந்துட்டுப் போற வரைக்கும் நீ வாயத் தொறக்காத" என்றான் வீரய்யா.

காளியாயி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள்.

"ஏதாச்சும் கேட்டா தலைய மட்டும் ஆட்டு. காத்து, மழைன்னு எதையாச்சும் ஒளறி வச்சிராத. புள்ளயோட வாழ்க்க."

அந்தப் புள்ளை, அவர்கள் மகள் பூரணி, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்பா ஏன் இப்படிச் சொல்கிறார் என்பது அவளுக்கும் தெரியும். அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

வீரய்யா குடியான சாதி. ஊருக்குப் போய்விட்டு இலங்கைக்குத் திரும்பும் வழியில் நோய்ச் சோதனைக்காக மண்டபம் கேம்பில் அடைபட்டுக் கிடந்தபோது, கம்பி வேலிக்கு வெளியே கருவாடு விற்க வந்த பெண் காளியாயி. கூட்டிக்கொண்டு கப்பலேறினான். தோட்டத்தில் 'என் மாமன் மகள்' என்றான். நம்பினார்கள். வந்த புதிதில் ஒருநாள் மேல்காற்று வீசியபோது அவள், "கச்சான் எடுத்திருச்சி" என்றாள். "அப்புடின்னா என்னாடி?" என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்டாள். அன்றைக்கு வீரய்யா காளியாயியை அடித்தான். அதன் பிறகு கச்சான், கொண்டல், நீவாடு, மடி என்று காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் கடற்கரையில் அவள் பேசி வளர்ந்த சொற்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அவள் மறந்துவிடவில்லை. சொல்வதை விட்டுவிட்டாள். நாளடைவில் மற்றப் பேச்சும் குறைந்தது.

மறுநாள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து கங்காணி சிவசாமியும் அவர் மனைவி ராக்காயியும் மகன் செல்லசாமியோடு பரிசம் போட வந்தார்கள். காளியாயி தலையை மட்டும் ஆட்டினாள். ராக்காயி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"சம்பந்தி அதிர்ந்து பேச மாட்டேங்கிறாங்க. எனக்கு இப்புடி ஆளுகளத்தான் புடிக்கும்" என்று சிரித்தாள். காளியாயி மடித்துக் கொடுத்த வெற்றிலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

ஆனி மாதத்து அடைமழையில், கொழுந்துக் கூடையோடு ஓயா ஆற்றைக் கடந்த ராக்காயியின் காலடியில் மரப்பாலம் புரண்டது. கூடை மட்டும் கீழே ஒரு வளைவில் ஒதுங்கியது. அன்றும் மறுநாளும் ஆண்கள் மூங்கில் கழிகளோடு கரை நெடுகத் தேடினார்கள். அந்தத் தோட்டத்தில் நீந்தத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் காளியாயியும் போனாள். பாலத்தருகே நின்று, மிதந்துவரும் சருகுகளையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு வீரய்யாவிடம் வந்தாள்.

"கீழ தேடிப் புண்ணியமில்லங்க. அடித்தண்ணி சுத்திக்கிட்டுத் திரும்புது. அந்தப் பாறைக்குக் கீழ இருக்கிற மடுவுலதான் கெடப்பாங்க."

"பேசாம இரு."

அவள் நேரே சிவசாமியிடம் போய் அதையே சொன்னாள். அவர் அப்போது யார் சொன்னாலும் கேட்கும் நிலையில் இருந்தார்.

பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளை அவிழ்த்துக் கொடுத்தார்கள். காளியாயி அவற்றைக் கிழித்துத் தேங்காய்க் கயிற்றோடு முடிந்தாள். முடிச்சுப் போடும் விதத்தை மற்றவர்களுக்கும் காட்டிக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் பெரிய கண்களுள்ள வலையொன்று உருவாயிற்று. அடியில் கற்கள், மேலே காய்ந்த மூங்கில். மேட்டிலிருந்த தொங்குபாலத்தின் வழியாகச் சுற்றி ஒரு முனையை அக்கரைக்குக் கொண்டுபோனார்கள்.

"அடிக்கயிற வுட்றாதீங்க!" காளியாயியின் குரல் ஆற்றிரைச்சலுக்கு மேலே எழுந்தது. "மேக்கயிறு தளருது, புடி! மடி விரியட்டும்... மடி விரியட்டும்... ஏலோ! இப்ப வாங்கு! கரைக்கு வாங்கு!"

சிவசாமி அவள் சொன்னபடி இழுத்தார். செல்லசாமியும் இழுத்தான். அம்மாவுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பதைப் பூரணி அன்றைக்குத்தான் கேட்டாள்.

வலையின் வயிற்றில் ராக்காயி வந்தாள். கயிற்றைப் பிடித்திருந்த ஆண்கள் பின்வாங்கினார்கள். காளியாயி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி உடம்பை ஏந்திக் கரையில் கிடத்தினாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் கிடந்தவளின் சேலையை இழுத்து மூடினாள். முகத்தில் ஒட்டியிருந்த சருகை எடுத்துவிட்டு, திறந்திருந்த கண்களை மூடிவிட்டாள்.

சிவசாமியின் சித்தப்பா இராமையா ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். அவர்தான் முதலில் கேட்டார்.

"மடி, அடிக்கயிறு... இது கரைவலக்காரவுங்க பேச்சுல்ல? நீ யாரு புள்ள?"

"எங்க மாமன் மகதாங்க..." என்று வீரய்யா முந்திக்கொண்டான்.

"பாம்பன்" என்றாள் காளியாயி. "எங்கப்பன் கரைவல இழுத்தவரு."

சிவசாமி, கயிறு அறுத்துச் சிவந்திருந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிணத்தைக் கீழ்க்கணக்கு லயத்துக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் பலகை போட்டு, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்கள். புதுச்சேலை சுற்றும் நேரத்தில் இராமையா கையை உயர்த்தினார்.

"இன்னொரு தரம் தண்ணி ஊத்துங்க."

"ஊத்தியாச்சே மாமா" என்றாள் ஒருத்தி.

"அவ தொட்டிருக்கால்ல."

பெண்கள் சிவசாமியைப் பார்த்தார்கள். அவர் தடுக்கவில்லை. லயத்துத் தண்ணீர்ப் பீலியிலிருந்து மறுபடியும் குடங்குடமாகத் தண்ணீர் வந்தது. இரண்டு நாள் ஆற்றில் ஊறி வெளுத்துப்போன அந்த உடம்பை மறுபடியும் தேய்த்துக் கழுவினார்கள். மஞ்சள் கரைந்த தண்ணீர் வாசலோரத்துக் கானில் இறங்கி, மழையில் வெளியே நின்ற காளியாயியின் கால்களைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அவள் நகரவில்லை. அழவும் இல்லை.

பூரணி செல்லசாமியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்ததும் இராமையா வீரய்யாவின் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றபடி, கல்யாணப் பேச்சு இத்தோடு சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீரய்யா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "எல்லாம் ஒன்னாலதான்" என்றான்.

"ஆமாங்க" என்றாள் காளியாயி. சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பிட்டான்.

மறுநாள் விடியற்காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பூரணியைச் சுற்றி இடம் காலியாக இருந்தது. எப்போதும் அவள் தோளை இடித்துக்கொண்டு நிற்கும் நாகலெட்சுமி நாலடி தள்ளி நின்று கேட்டாள்.

"ஏன்டி பூரணி, ஒங்கம்மா மீன் புடிக்கிற சாதியாமே? நெசமா?"

கணக்கப்பிள்ளைகூட நிமிர்ந்து பார்த்தார்.

பூரணி கூடைக்கயிற்றைத் தலையில் சரியாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா மட்டும் இல்லக்கா" என்றாள். "நாங்க மீன் புடிக்கிற ஆளுக."

பிறகு கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "எனக்கு எந்த நெரைங்க?"

அவர் மலையின் கடைசியில், ஆள் சேராத ஓரத்துத் தேயிலை நிரையைக் காட்டினார். பூரணி அங்கே ஏறிப்போய்க் கொழுந்தில் கை வைத்தாள்.