அறுபத்தாறாவது கத்தம்

மர்ளியாவுக்கு வம்சக் கதையில் கடுகளவும் அக்கறை இல்லை. அது மகள் பஹ்மாவின் பைத்தியம். பஹ்மா கணக்கு டீச்சர். லீவு கிடைத்தால் போதும், செத்துப்போனவர்களின் மரணப் பதிவுகளைத் தேடிப் புத்தளம் கச்சேரி அலுவலகத்துக்கு ஓடிவிடுவாள். இன்றோ மர்ளியாவும் கூடவே வந்து கதிரையில் குந்தியிருந்தாள். தன் வாப்பா மௌத்தான திகதி அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வாப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. உம்மாவும் மூன்று வயதிலேயே அவளை விட்டுப் போய்விட்டாள். கனமூலையில் அவளை வளர்த்த மாமாதான் சொல்லுவார்: "ஒன்ட வாப்பா ஒன்னத் தோள்ல ஏத்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்துவாரு." அந்த ஒரு கதையை வைத்துக்கொண்டே அறுபத்தைந்து வயதுவரை வந்துவிட்டாள்.

இந்தத் தை பிறந்து சில நாளில், வாப்பாவின் ஊரான குறிஞ்சிப்பிட்டியில் சொந்தக்காரர்கள் வழக்கம்போல அவர் நினைவாகக் கத்தம் ஓதிச் சோறு கொடுத்தார்கள். அறுபத்தாறாவது வருடக் கத்தம். சும்மா கிடந்த பஹ்மா கழித்துப் பார்த்தாள். 2025இல் அறுபத்தாறு போனால் 1959 ஜனவரி.

"உம்மா, நீங்க பொறந்ததே அந்த வருசம் செப்டெம்பர்லதானே? வாப்பா ஒங்களக் கண்டே இரிக்க மாட்டாரு."

அநாதைப் பிள்ளையைத் தேற்ற மாமா கட்டிய கதையா அது? அன்றிலிருந்து மர்ளியாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் மௌத்தாகி எத்தனையோ காலம். சண்டை பிடிக்கவும் வழியில்லை.

பதிவுகளைப் பார்க்கும் தியாகராசா வெளியே வந்து கையை விரித்தார். "ஐம்பத்தொன்பதில இல்லையம்மா. அதுக்கு முந்தின வருசத்திலயும் பாத்திட்டன். எந்த மாசம் எண்டு சரியாத் தெரியுமோ?"

"றஜப் மாசம், பிறை இருபது," என்றாள் மர்ளியா.

"இங்கிலிஷ் மாசம்?"

"அத எப்பிடிச் சொல்றது? கொட்டுற மழைக்குள்ளயும் கத்தம் வந்திரிக்கி. வெயில் காலக் கச்சான் காத்துல பந்தல் பறந்த வருசமும் இரிக்கி."

பஹ்மா தலையில் கை வைத்தாள். நோன்பு வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். றஜப்பும் அப்படித்தானே வரும்? பிறைக் கணக்கில் கத்தம் அறுபத்தாறு என்றால் இங்கிலிஷ் வருடம் அறுபத்துநாலுதான்.

"அறுபத்தொன்டு ஜனவரியப் பாருங்க, ஐயா!"

இந்த முறை தியாகராசா அதிக நேரம் எடுக்கவில்லை. "இருக்கு. ஜனவரி எட்டாம் திகதி. காய்ச்சல் எண்டு போட்டிருக்கு."

"உம்மா, ஒங்களுக்கு அப்ப ஒரு வயசும் நாலு மாசமும்," என்றாள் பஹ்மா. "நடந்திருப்பீங்க. வாப்பா என்டு கூப்புட்டும் இரிப்பீங்க."

மர்ளியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை அதையும் மீறி வந்தது.

"என்ட மாமாவப் பொய்யன் என்டு நெனச்சிட்டேனே, மவள்."