அம்மா தொட்டுக் காட்டிய பெயர்

அம்மா விடியற்காலையில் இறந்தாள். ஒன்பது மணிக்கெல்லாம் ராயப்பன் மாமா என்னிடம் ஒரு லிஸ்ட்டை நீட்டினார். அஞ்சலி பேனரில் போடவேண்டியவர்களின் பெயர்கள். மொத்தம் நாற்பத்திரண்டு.

"போட்டோ எல்லாம் உன் வாட்ஸப்புக்கு வந்துக்கினே இருக்கு அமலா. ஜல்தி முடிச்சு அனுப்பிட்டின்னா, திண்டிவனத்துல பிரிண்ட் போட்டு எடுத்தாந்துடுவானுங்க. நாலு மணிக்கு அடக்கம்."

அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. துக்கம் பொய்யில்லை. ஆனால் செத்துக் கிடப்பவளின் மகளிடம் போய் இதைக் கேட்கலாமா என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவேயில்லை.

தோன்றாதுதான். விழுப்புரத்தில் ஒரு அச்சகத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, கிளியனூர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்தவள் நான். பேனர் கடைகள் டிசைனுக்குக் காசு தரும். சொந்தக்காரர்கள் தந்ததில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு, மாதா கோயில் தேர், எதுவானாலும் "அஞ்சு நிமிஷ வேலைதானேம்மா" என்பார்கள். அந்த ஐந்து நிமிஷம் என் எத்தனையோ நாள் சோற்றையும் தூக்கத்தையும் தின்றிருக்கிறது. அம்மாதான் ஒப்புக்கொண்டு வருவாள். "எம்பொண்ணு பண்ணிக் குடுக்கும்" என்று அவள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெருமைக்காகவே செய்தும் கொடுப்பேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பேனரையும் அண்ணாந்து பார்த்து, "இதுல உம்பேரு எங்கடி?" என்பாள். ஒருமுறை மாமாவிடம் கேட்டேவிட்டேன். "உம்பேரு எதுக்கும்மா? நம்ம ஆளுங்க போட்டோவுக்கே எடம் பத்தல" என்றார்.

உள் அறையில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகப் பந்தலும் ஐஸ் பெட்டியும் தெரிந்தன. பெட்டியைச் சுற்றி ஊரே இருந்தது, நான் மட்டும் இல்லை. நாற்பத்திரண்டு முகங்களை வெட்டி வெட்டி வரிசையாக வைத்தேன். மாமா மூன்று தடவை எட்டிப் பார்த்தார். அவர் மருமகன் படம் சின்னதாக இருக்கிறதாம்.

கடைசியில் நடுவில் அம்மாவை வைக்கவேண்டும். தேடினால், என்னிடம் அம்மா படமே இல்லை. ஊரில் உள்ள முகத்தையெல்லாம் வெட்டி ஒட்டிய பாவிக்கு, பெற்றவளை ஒரு படம் எடுக்கத் தோன்றியதில்லை. தம்பி பிரான்சிஸ் தன் போனிலிருந்து ஒன்றை அனுப்பினான். மாமா பெண்ணின் கல்யாணத்தில் எடுத்தது. நான் செய்த பேனருக்கு முன்னால் அம்மா நிற்கிறாள். அதன் கீழ் மூலையில், யார் கண்ணிலும் படாதபடி, எறும்பு அளவுக்கு என் பெயரைப் போட்டிருந்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அதைத்தான் விரலால் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறாள்.

அந்தக் கையை வெட்டினால்தான் முகம் நடுவில் பெரிதாக வரும். என்னால் வெட்ட முடியவில்லை. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

மாமா ஓடி வந்தார். "இன்னாம்மா, முடிஞ்சுதா?"

"இல்ல மாமா. நான் பண்ணல."

"இன்னும் பத்து நிமிஷ வேலைம்மா. பேனர் இல்லாம தூக்குனா ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"எங்கம்மா இங்க இருக்கறதே இன்னும் மூணு மணி நேரந்தான் மாமா."

மாமா பிரான்சிஸிடம் அந்தப் படத்தையும், என் போனிலிருந்து மற்றவர்கள் படங்களையும் வாங்கி, திண்டிவனத்தில் ஒரு கடைக்கு ஆள் அனுப்பினார். டிசைனுக்குக் கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுத்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

மூன்றரைக்குப் பேனர் வந்து பந்தல் வாசலில் ஏறியது. நாற்பத்திரண்டு முகங்களும் இருந்தன. அடியில் கடைக்காரர் தன் பெயரையும் போன் நம்பரையும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அதற்கு இடம் இருந்தது. நடுவில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள், தோள்வரைக்கும். கை இல்லை.

சவப்பெட்டியை மூட வந்தார்கள். "கொஞ்சம் இருங்க" என்றேன். ஜெபமாலை சுற்றியிருந்த அம்மாவின் வலது கையில் அந்த ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டேன். கோயில் மணி அடிக்கும்வரை விடவில்லை.