வாளிக்கு அவர்கள் வீட்டில் வேறு பெயர்

பின்னேரம் அப்பா வந்து பார்ப்பார். அந்த நினைப்பு அன்று முழுவதும் பிரியங்கினியை விடவில்லை. பார்த்துவிட்டு அவர் ஓம் என்றால், உட்துறைமுக வீதியில் இருந்த அந்த விருந்தினர் விடுதியில் அவள் தொடர்ந்து வேலை செய்யலாம். வேண்டாம் என்றால் மறுபடியும் லிங்கநகர் வீட்டில் குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில் நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான். முன்பு கிடைத்த வேலைகளும் அப்படித்தான் போயின. புடவைக் கடையில் வேலை என்றபோது, அங்கே வருகிறவர்கள் யார் யாரோ என்றார். பேக்கரியில் என்றபோது காரணமே சொல்லவில்லை. ஓட்டோவை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டார்.

அருளம்பலம் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. அவருடைய ‘வேண்டாம்’ மெதுவாகச் சாத்தப்படுகிற கதவு மாதிரி. சத்தமே கேட்காது, ஆனால் பிறகு எவ்வளவு தள்ளினாலும் திறக்காது.

விடுதியில் அவளுக்குப் பிடித்த வேலை ஒன்று அந்த வாரம் கிடைத்திருந்தது. சாமான் அறையில் உள்ள பொருள்களுக்கெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலிஷிலும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று விடுதி நடத்துகிற மேடம் சொல்லியிருந்தாள். வேலைக்கு வருகிற பிள்ளைகள் மூன்று பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். ஒருத்தி ஒன்றைக் கேட்க மற்றவள் வேறொன்றைக் கொண்டு போகிறாள். பிரியங்கினிக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அட்டையையும் பேனையையும் அவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

கந்தளாயிலிருந்து வந்து விடுதியிலேயே தங்கியிருந்த தில்ருக்‌ஷி சிங்களப் பெயர்களைச் சொன்னாள். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஸல்ஹா, ஒருவரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

“துவாய்,” என்று குளித்துத் துடைக்கிற துணிக்கு எழுதினாள் பிரியங்கினி.

“எங்களுக்கும் துவாய தானே!” என்று தில்ருக்‌ஷி கையைத் தட்டினாள்.

“அலுமாரி?”

“அல்மாரிய!”

“ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்கின பேர்தான் புள்ள,” என்றாள் ஸல்ஹா. “சவர்க்காரத்துக்கு என்ன சொல்றீங்க?”

“சபன்.”

“சபனா? எங்கட பெரியம்மா ஹஜ்ஜுக்குப் போய் வந்து சொன்னா, அங்க அது சாபூனாம். சவுக்காரம் தாங்க எண்டு இவ கடையில நிண்டு கத்தினாவாம். கடைக்காரன் தண்ணிப் போத்தல் குடுத்தானாம்.”

“அப்ப எங்கட சபன் மெக்கா வரைக்கும் போயிருக்கு!” என்று தில்ருக்‌ஷி பெருமைப்பட்டுக்கொண்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள். பிரியங்கினிக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் சிரிப்பை வெளியில் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

பிறகு சிவப்பு வாளியின் முறை வந்தது. அவள் யோசிக்காமல் அட்டையில் ‘அள்ளி’ என்று எழுதினாள்.

ஸல்ஹா எட்டிப் பார்த்தாள். “அள்ளியா? அது ஆரு, வள்ளியிட தங்கச்சியா?”

“இதுதான். தண்ணி அள்ளுறது.”

“இது வாளி புள்ள! உலகம் முழுக்க வாளி.”

பிரியங்கினி அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாளி என்ற சொல் அவளுக்குத் தெரியாமல் இல்லை. புத்தகத்தில் இருக்கிறது, கடையில் சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் அவள் பிறந்த நாளிலிருந்து அது அள்ளிதான். பச்சை அள்ளி, ஓட்டை அள்ளி, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற அள்ளி. அதைத் தங்கள் பக்கத்துப் பேச்சு என்றே நினைத்திருந்தாள். எட்டாம் வகுப்பில் கட்டுரை ஒன்றில் எழுதியதற்கு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கே அந்தப் பெயர் பட்டமாக ஒட்டிக்கொண்டது. அப்போது அவளால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு, எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல், தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

“அப்பா பின்னேரம் வருவார். அவரைக் கேளுங்கோ. அவர்தான் சொல்லித் தந்தவர்.”

“கேப்பம்! தோத்தா நீ எங்களுக்கு ஐஸ்கிறீம்,” என்றாள் ஸல்ஹா.

நாலரை மணி போல ஓட்டோ வந்து நின்றது. சமையல்காரர் சோமபால வாசல் படலையைத் திறந்துவிட்டு உடனேயே சாத்தினார். திறந்து கிடந்தால் வீதியில் திரிகிற மான்கள் உள்ளே வந்து பூக்கன்றுகளைத் தின்றுவிடும்.

அருளம்பலம் முற்றத்தைப் பார்த்தார். பின்பக்கம் போய்ப் பெண்கள் உடுப்பு மாற்றுகிற அறையைப் பார்த்தார். உள்ளே கொண்டி இருக்கிறதா என்று கதவைச் சாத்திப் பார்த்தார். எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று மகளைக் கேட்டார். சுவருக்கு அப்பால் துறைமுகத்தில் ஒரு கோதுமைக் கப்பல் நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சோமபால தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்க, வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கினார். வெளியிடத்தில் அப்பா தேத்தண்ணி குடிப்பது நல்ல சகுனம்.

“இடம் பரவாயில்லை,” என்றார்.

அப்போதுதான் ஸல்ஹா வந்தாள். “அங்கிள், ஒரு பந்தயம். உங்கட மகள் ஒரு புதுத் தமிழ் கண்டுபிடிச்சிருக்கா. நீங்கதான் தீர்ப்புச் சொல்லணும்.”

அவர் புன்னகைத்தார். ஸல்ஹா அவருக்கு ஒரு பக்கத்தில் நின்றாள். பின்னால் படலை சாத்தியிருந்தது. சாமான் அறையிலிருந்து ஓடி வந்த தில்ருக்‌ஷி, முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த சிவப்பு வாளியைச் சட்டென்று எடுத்து அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சிரித்துக்கொண்டு, தன் பாஷையில், விளையாட்டாகக் கேட்டாள்:

“மேக்க மொகக்த, அங்கிள்?” இது என்ன?

அருளம்பலம் தேத்தண்ணிக் கோப்பையைக் குனிந்து நிலத்தில் வைத்தார். மெதுவாக, ஒரு துளியும் சிந்தாமல். பிறகு நிமிர்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். காலை ஒட்டி வைத்து நேராக நின்றார்.

“பால்திய,” என்றார்.

வாளிக்குச் சிங்களப் பெயர் அது. இரண்டு உதடுகளையும் இறுக ஒட்டிப் பிறகு வெடித்துத் திறந்து வந்தது அதன் முதல் எழுத்து. பிறவிச் சிங்களவர் சொல்வது போலவே இருந்தது. தில்ருக்‌ஷிக்குச் சந்தோஷம். “ஆ, அங்கிளுக்குச் சிங்களம் தெரியும்!”

“பால்திய,” என்றார் மறுபடியும். “பால்திய. பால்திய.”

அது அப்பாவின் குரல் அல்ல. மீசை முளைக்காத ஒரு பையனின் குரல், மெலிந்து, தொண்டையின் மேற்பக்கத்திலிருந்து வந்தது. பிறகு அதே குரலில், சரளமான சிங்களத்தில் சொன்னார்: “நான் இந்த ஊர்ப் பையன் ஐயா. நான் இப்ப போகலாமா?”

அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது. பிரியங்கினிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியாது. சோதனைச் சாவடிகளில் அம்மாதான் இறங்கிப் பேசுவாள்; அவர் ஓட்டோவின் கைபிடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிங்களச் சவாரி ஏறினால் விரலைக் காட்டித்தான் வாடகை சொல்வார். அந்த மனிதர் இப்போது விரித்த உள்ளங்கைகளோடு, வேர்வை வழிய, ஒரு பிளாஸ்திக் வாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றார்.

குசினி வாசலில் நின்ற சோமபால ஓடி வந்தார். தில்ருக்‌ஷியின் கையிலிருந்து வாளியைப் பறித்துச் சுவருக்கு அப்பால் எறிந்தார். அருளம்பலத்தின் முன்னால் வந்து நின்று, உடைந்த தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னார்: “மஹத்தயா, ஒருத்தரும் இல்ல. பாருங்க. சின்னப் பிள்ளைகள் மட்டும். ஒருத்தரும் இல்ல.”

படலையைத் தன் கையாலேயே அகலத் திறந்து வைத்தார்.

அருளம்பலம் படலையைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்து அவற்றைக் கீழே விட்டார். “வா பிள்ளை,” என்றார். பழைய குரல்.

பையை எடுக்க ஓடியபோது, சோமபால தில்ருக்‌ஷியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது பிரியங்கினிக்குக் கேட்டது. முன்பு தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில், ரோட்டில் ஆட்களை மறித்து வாளியைத்தான் காட்டிக் கேட்டார்கள். தமிழ் வாய்க்கு அந்தச் சொல் சரியாக வராது என்று தெரிந்துதான் கேட்டார்கள். பிழையாகச் சொன்னவர்களை உயிரோடு விடவில்லை. தில்ருக்‌ஷி வெறுங்கையை இன்னும் அதே உயரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஓட்டோ வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கடற்கரையோரம் ஆளில்லாத ஓரிடத்தில் போய் நின்றது. அப்பா முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

“உனக்கு ஒரு பெரியப்பா இருந்தவர். வேலன் எண்டு பேர்.”

அவள் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. வீட்டில் படம் இல்லை, திவசம் இல்லை.

“தெற்கில ஒரு கடையில ரெண்டு பேரும் வேலைக்கு நிண்டம். எனக்குப் பதின்மூண்டு வயசு. நான் தெருப் பெடியளோட விளையாடுறனான், எனக்குப் பாஷை வந்திட்டுது. அண்ணன் கணக்குப் பாக்கிறவன், வெளியில போகமாட்டான். அண்டைக்குக் கடைக்குப் பின்னால ஓடேக்க மறிச்சுப்போட்டாங்கள். கிணத்தடியில கிடந்த அதைத் தூக்கிக் காட்டிக் கேட்டாங்கள். முதல் என்னை. நான் சொன்னனான். போகச் சொன்னாங்கள்.”

ஒரு காகம் ஓட்டோவின் கூரையில் வந்து இருந்துவிட்டுப் பறந்தது.

“அண்ணனும் சொன்னவன். அவனுக்கு அந்த முதல் எழுத்து வாயில வராது. வால்திய எண்டுதான் வரும். சரியாச் சொல்லிப்போட்டன் எண்டு நினைச்சு, என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு வரத் தொடங்கினவன்.”

அதோடு அப்பா ஓட்டோவின் கைபிடியைப் பார்க்கத் தொடங்கினார்.

அவளுக்கு அப்போதுதான் வேறொன்று விளங்கத் தொடங்கியது. சின்ன வயதில் அப்பா அவளை மடியில் இருத்தி ஒரு விளையாட்டு விளையாடுவார். அவள் உதடுகளை விரலால் ஒட்டிப் பிடித்து, “இப்ப வெடி” என்பார். பலூன். பஸ். பல்பு. பிழையாகச் சொன்னால் மறுபடியும். பள்ளிக்கூடம் போகிற வயதிலும் விடவில்லை. அவள் அலுத்து அழுதாலும், “இன்னும் ஒருக்கா, கண்ணல்லே” என்பார். சிங்களச் சொல் ஒன்று எழுதும்போது வாசித்துக் காட்டியதற்கு, “உன்ர வாய் எங்கட ஊர் வாய்” என்று தில்ருக்‌ஷி முந்தநாள்தான் மெச்சியிருந்தாள். அந்த ஒரு பொருளின் பெயரை மட்டும் வீட்டுக்குள் நுழையவிடாமல், அதற்கு ஒரு பொய்ப் பெயரும் வைத்துக்கொண்டு, அதைச் சொல்வதற்கு வேண்டிய வாயை மட்டும் அப்பா அவளுக்குச் செய்து கொடுத்திருக்கிறார்.

“பயந்திட்டியா?” என்றார் அருளம்பலம்.

“இல்லை,” என்றாள். பையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். இதற்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்பது? காலையில் எழும்பி, உடுப்பு மாற்றாமல், முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள். அப்பா ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

“என்ன, இண்டைக்கு லீவோ?”

“போகட்டோ அப்பா?”

“எட்டு மணிக்கு நிக்க வேணுமெல்லே. வெளிக்கிடு.”

விடுதிப் படலைக்கு வெளியிலேயே தில்ருக்‌ஷி நின்றாள். முகம் வீங்கியிருந்தது. அருளம்பலத்தைக் கண்டதும் பிரியங்கினியிடம் திரும்பினாள். “அம்மாக்கு கோல் பண்ணினது. இது உண்மையா கேட்டது. அம்மா போனை வச்சாச்சு. திரும்ப எடுத்தா, எடுக்கல்ல.” பிறகு அருளம்பலத்தைப் பார்த்தாள். “எனக்குத் தெரியாது அங்கிள். சத்தியமா தெரியாது.”

அருளம்பலம் ஓட்டோவிலிருந்து இறங்கினார். அவர் அந்தப் பிள்ளையை நிறைய நேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில், நேற்றைய பையனின் குரலில் அல்ல, தன் சொந்தக் கனத்த குரலில், கேட்டார்:

“உன் பெயர் என்ன மகள்?”

“தில்ருக்‌ஷி.”

“தில்ருக்‌ஷி. ஐந்து மணிக்கு இவள் வெளியில் வந்துவிட வேண்டும். நீயும் படலை வரை கூட வர வேண்டும்.”

“வருவேன் அங்கிள்.”

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். பிரியங்கினி உள்ளே போனாள். தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்பது அவளுக்குப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஆனால் நினைத்து வைத்திருந்த சந்தோஷம் வரவில்லை. ஸல்ஹா அன்றைக்கு ஒரு பகிடியும் விடவில்லை. கொண்டுவந்த இடியப்பத்தைப் பிரித்து மூன்று பேருக்கும் வைத்தாள். பெயர் அட்டைகளை ஒருத்தியும் எடுக்கவில்லை.

மதியம் மேல்மாடியில் உடுப்புக் காயப்போடப் போனவள், கொடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். வீதிக்கு எதிர்ப்பக்கம், வாகை மரத்தின் கீழே, அப்பாவின் ஓட்டோ நின்றது. காலையில் விட்ட அதே இடம். முன் சில்லு அதே பக்கம் திரும்பியிருந்தது. கையில் பையோடு வந்த ஒரு மனிதர் குனிந்து சவாரிக்குக் கேட்டார். அருளம்பலம் தலையை அசைத்து அவரை அனுப்பிவிட்டு, மறுபடியும் படலையைப் பார்த்தபடி இருந்தார்.