பாசிக்கு விளக்குப் போட்டவன்

தீவின் வடக்கே, குட்லண்ட்ஸ் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் எல்லார் வீட்டிலும் பாசி உண்டு. தண்ணீர்த் தொட்டியின் மூடியில், குளியலறை மூலையில், மழைக்காலமானால் வாசற்படியில். எல்லாரும் அதைத் தேய்த்து ஒழிப்பார்கள். அதற்குக் குழல்விளக்கு மாட்டி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இன்றைக்கு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பூரித்தவன் தியாகு ஒருத்தன்தான்.

கிராண்ட் பேயில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒன்பது வருஷமாக அவன் எலெக்ட்ரீஷியன். வரவேற்பறையில் ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. மீன்கள் வாரம் தவறாமல் செத்து மிதக்கும். விருந்தாளிகள் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வருவதற்குள் அதே நிறத்தில் வேறு மீன் வந்துவிடும். "இந்த மீன்கள் எத்தனை ஆரோக்கியம்!" என்று ஜெர்மன்காரர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் ஏமாறவில்லை. ஏணிமேல் நின்ற தியாகுவை இறக்கி, ஏதேதோ விளக்கி, சில பக்கங்களின் ஜெராக்ஸையும் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். தியாகுவுக்கு ஜெர்மன் தெரியாது. படம் பார்க்கத் தெரியும்.

படத்தில் இருந்ததை அவன் வீட்டுக் கூடத்தில் கட்டினான். கடல்மீன் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சொரசொரப்பான பிளாஸ்டிக் வலை ஒன்று தொங்கும். பம்பு தூக்கிவிடும் தண்ணீர் வலைமேல் மெல்லிசாக வழியும், இரண்டு பக்கமும் விளக்கு எரியும். வலையில் பாசி பிடிக்கும். அந்தப் பாசி மீன் போடும் கழிவைத் தின்று வளரும், தண்ணீர் தெளியும். ஞாயிறுதோறும் வலையைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். ஆனால் முழுக்கச் சுரண்டக் கூடாது. அடியில் ஒரு பூச்சு விட்டுவைத்தால்தான் மறுபடி துளிர்க்கும்.

வலை கொடுத்தது மனைவி அலமேலு. புல்லோவர் ஃபேக்டரியில் பூத்தையல் பழக வைத்திருந்த பிளாஸ்டிக் வலையின் மிச்சம். முதல் இரண்டு மாதம் அதில் பழுப்பாக ஏதோ கொழகொழத்தது. தியாகுவின் முகமும் ஏறக்குறைய அந்த நிறத்தில்தான் இருந்தது. பிறகு ஒருநாள் பச்சை பிடித்தது. அதற்கு அவன் தெருவுக்கே லட்டு கொடுக்காததுதான் குறை.

"என்ன தியாகு, பயிர் எப்படி? அறுவடைக்கு ஆள் வேணுமா?" என்று பக்கத்து வீட்டு அம்புஜம் மதில்மேல் தலையை வைத்துக் கேட்பாள்.

"சனிக்கிழமை பாருங்க அம்புஜம் அக்கா, அப்புறம் பேசலாம்."

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஹோட்டலின் இயக்குநர் ஒதில் அம்மையார் வருவதாக இருந்தார். புது வரவேற்பறையில் நாலு மீட்டர் நீளத்துக்குத் தொட்டி வரப்போகிறது. அதைப் பார்த்துக்கொள்ள பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து நிபுணரை வரவழைப்பதா, தியாகுவிடம் விடுவதா? வீட்டுத் தொட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு. தியாகுவிடம் விட்டால் இனி ஏணி கிடையாது. பையில் பெயர் தைத்த வெள்ளைச் சட்டை. ஜெயித்தாகிவிட்டது என்பதுபோல அலமேலு அவன் தோளை இரண்டு தடவை அளந்துவிட்டாள்.

இது தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக் காவடிக்கு முன்னால். கொடியேற்றியாயிற்று, வீடு விரதத்தில் இருந்தது. தீவின் தென்கோடி ஊரான சுரினாமிலிருந்து தியாகுவின் அக்கா கோவிந்தம்மா வந்திறங்கியிருந்தாள். வருஷா வருஷம் காவடி எடுப்பவள்; அவள் விரதமிருந்தால் வீட்டுச் சுவரும் சேர்ந்து விரதமிருக்க வேண்டும்.

"விரத வீட்ல மீனா, தம்பி?"

"சமைக்கிறதுக்கு இல்லக்கா."

"அதுங்களுக்கு அது தெரியுமா?"

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குத் தியாகு வேலையிலிருந்து வந்தான். கூடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்த வாசனை. நேராகத் தொட்டிக்குப் போனான். வலை, கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கியதுபோல வெள்ளை வெளேரென்று தொங்கியது. பெட்டிக் கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். மேலே ஒரு சாமந்திப்பூ.

"அக்கா... இங்க பச்சையா ஒண்ணு இருந்துச்சே?"

"அதை ஏன் கேக்கிற! அலமேலுவைத் திட்டாத, ஃபேக்டரிக்குப் போற பொண்ணு, பாவம், நேரம் ஏது? எலுமிச்சம்பழம் போட்டு, தேங்காய் நாரால தேய்ச்சு, நல்ல தண்ணியில நாலு தடவை அலசினேன். என் கையே மரத்துப்போச்சு."

"நாலு மாசமா வளர்த்ததுக்கா அது."

"நாலு மாசமா இப்படியே விட்டு வெச்சிருந்தியா!"

அலமேலு அடுப்படிக்குள் போய்விட்டாள். அழுதாளா சிரித்தாளா என்பதைக் கதவு மறைத்துவிட்டது.

தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. நாலைந்து நாளில் கலங்கும் என்று தியாகுவுக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாள் வடிகட்டியைத்தானே பார்க்க வருகிறார்? பச்சையில்லாத வலையைக் காட்டி எதைச் சொல்வது?

மூன்று மணிக்குக் கார் வந்தது. கொல்லையில் சொந்தமாகக் கறிவேப்பிலை மரம் வைத்திருக்கும் அம்புஜம், கறிவேப்பிலை இரவல் கேட்டு அதே நேரத்துக்கு உள்ளே வந்தாள்.

ஒதில் தொட்டியைப் பார்த்தார், குனிந்தார், நிமிர்ந்தார். "அற்புதம்! தண்ணீரே இல்லாததுபோல இருக்கிறது." பிறகு மேலே பெட்டியைப் பார்த்தார். தியாகு கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுவா வடிகட்டி?"

"ஆமாம் மதாம். ஆனா வழக்கமா இது பச்சையா..."

"பச்சையா? அந்த வழுவழு பாசியா? என் வரவேற்பறையிலா?" ஒதில் மூக்கைச் சுளித்தார். "அப்படித்தான் இருக்கும் என்று பயந்துகொண்டே வந்தேன், தியாகு. ஆனால் இது ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருக்கிறது! எப்போதும் இப்படியே வெள்ளையாக இருக்க வேண்டும். இந்த மூன்று கோடு என்ன?"

"பெனெடிக்சியோன், மதாம்," என்றாள் கோவிந்தம்மா, ஆசீர்வாதம் அவள் கைச்சரக்கு என்கிற தோரணையில்.

"அதுவும் இருக்கட்டும். டூரிஸ்டுகளுக்குப் பிடிக்கும்."

தியாகு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அலமேலு பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாய் மூடிக்கொண்டது.

புதன்கிழமை தண்ணீர் அரிசி கழுவினதுபோல ஆயிற்று. தியாகு மீன்களை இரண்டு வாளியில் எடுத்துப்போய் கிராண்ட் கோபில் கடலில் விட்டான். "விரத வீட்ல இருந்த புண்ணியம், அதுங்களுக்கு விடுதலை," என்றாள் அக்கா.

ஏப்ரலில் புதுத் தொட்டி திறந்தார்கள். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி, வெள்ளை வலை, மூன்று பட்டை. வலைமேல் தண்ணீர் வழிவதை விருந்தாளிகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். பெயர் தைத்த சட்டையோடு தியாகு தினமும் காலையில் அவர்கள் எதிரிலேயே அதைப் பளபளவென்று தேய்க்கிறான். சுவருக்குப் பின்னால், பழைய படுக்கை விரிப்புகள் போட்டுவைக்கும் அறையில், இன்னொரு பெட்டி இருக்கிறது. தண்ணீர் முதலில் அங்கே போய்விட்டுத்தான் முன்னால் வருகிறது. அங்கே தொங்கும் வலையில் பாசி ஆட்டுரோமம்போல அடர்ந்திருக்கிறது; ஞாயிறுதோறும் சுரண்டுகிறான், அடியில் ஒரு பூச்சு விட்டு.

ஹோட்டல் தொட்டி தன் மஞ்சள் தண்ணீரில்தான் ஓடுகிறது என்று கோவிந்தம்மா சுரினாம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். அடுத்த காவடிக்கு முந்தின வாரம் நேரில் பார்க்கவே வந்துவிட்டாள். விபூதிப் பட்டையைப் புதுப்பித்தாள், திருப்தியாகச் சுற்றிப் பார்த்தாள்.

"தம்பி, அந்தப் பின்னாடி ரூம் என்ன? யாராவது துடைக்கிறாங்களா?"

"அங்க ஒண்ணும் இல்லக்கா," என்றான் தியாகு. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. தைத்திருந்த பெயருக்கு அடியில் அந்த அறையின் சாவி இருந்தது. ஒரே சாவிதான்.