வற்றிய பிறகு கிளம்புங்கள்

புத்தக வெளியீட்டு விழா முடிந்த இரண்டாம் நாள், சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மேல், ரோவீனா பிக்ஃபோர்ட் தான் செய்து வைத்த காரியத்தைக் கண்டுபிடித்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பாலரட் நகரில் ஒரு கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்துவிட்டு, மெல்பர்னுக்கு வந்து, புத்தகத் திருத்தமும் பதிப்பும் சொல்லித்தரும் முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தாள். இரண்டாம் வருட மாணவர்கள் நிஜமாகவே ஒரு புத்தகம் கொண்டுவர வேண்டும் என்பது அந்தப் படிப்பில் விதி. இந்த வருடம் வாய்த்தது ஆல்டன் மக்ரேயின் கடலோர நடைப்பயணங்கள் பற்றிய கையேடு. ஆல்டன் முப்பது வருடம் அந்தக் கரையில் தேசியப் பூங்காக் காவலராக இருந்தவர். கடலை நன்றாக அறிந்தவர். ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதை நிறுத்தும் வேலை ரோவீனாவுக்கு. பக்கங்களை வடிவமைத்தவள் அவளுடைய வகுப்புத் தோழி தியோடோரா.

தான் எதை ஏன் திருத்தினோம் என்று ஒவ்வொருவரும் ஓர் அறிக்கை தர வேண்டும். அதற்காகத்தான் ரோவீனா ஆல்டனின் கையெழுத்துப் படியையும் அச்சான புத்தகத்தையும் சமையலறை மேசையில் அருகருகே விரித்து வைத்திருந்தாள். தனக்குப் பெருமை தந்த இடத்திலிருந்தே தொடங்கினாள். ஹார்லன் முனைக்குப் போகும் மூன்று மணி நேர நடை. பாறைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே மணலில் போக வேண்டும். இடையில் மேலே ஏற வழி கிடையாது. எப்போது கிளம்புவது என்பதை ஆல்டன் ஆறு வரிகளில், ‘இல்லாமல்’, ‘அல்லாத’ என்று முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டு எழுதியிருந்தார். அவள் ஒரே வரியாக்கினாள்: ‘கடல் முழுக்க வற்றி இரண்டு மணி நேரம் ஆன பிறகு கிளம்புங்கள்.’ பேராசிரியை அதைத் திரையில் போட்டு, திருத்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வகுப்புக்கே காட்டியிருந்தார்.

இப்போது அந்த ஆறு வரிகளை விரல் வைத்துப் படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாவது தடவை முடிச்சு அவிழ்ந்தது. கடல் வற்றி முடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும் என்றுதான் அவர் எழுதியிருந்தார். பிறகு கிளம்புகிறவர்கள் கிளம்பாமல் இருப்பதே நல்லது என்றும்.

விழாவில் தியோடோரா சொன்னது காதில் கேட்டது. நாம் போட்ட புத்தகத்தை நாமே நடந்து பார்க்காவிட்டால் எப்படி, சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஹார்லன் முனைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

கைப்பேசியில் அன்றைய கடல் நேரத்தைப் பார்த்தாள். முழு வற்றம் ஒன்பது பத்துக்கு. புத்தகப்படி கிளம்பினால் பதினொன்று பத்து. இப்போது மணி பதினொன்று நாற்பது. தியோடோராவின் எண் ஒலிக்கவே இல்லை.

அவசர உதவிக்கு அழைத்தாள். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். எந்தக் கரை, எத்தனை பேர், என்ன வயது.

“அவங்க எத்தனை மணிக்குக் கிளம்பியிருப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“புத்தகத்துல போட்டிருக்கு.”

“எந்தப் புத்தகம்?”

“நான் திருத்தினது,” என்றாள் ரோவீனா. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை முட்டியது.

அடுத்து ஆல்டனை அழைத்தாள். அவர் வீடு ஹார்லன் முனைக்கு மேலேயே இருந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார்.

“அந்த அப்பாவுக்கு நீச்சல் தெரியுமாம்மா?”

“தெரியல.”

“சரி, போனை வை. நீ வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டு வா. உன்னையும் சேத்துத் தேட எனக்கு நேரமில்லை.”

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இரண்டு மணி நேரப் பயணம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நேரத்தைக் கணக்குப் போட்டாள். இப்போது முதல் பாறையைத் தாண்டியிருப்பார்கள். இப்போது மணல் ஒடுங்கத் தொடங்கியிருக்கும். தியோடோரா கவலைப்பட மாட்டாள்; புத்தகத்தில் எழுதியிருப்பதை அவள் நம்புவாள், எழுதியவளைத் தெரியும் என்பதால் இன்னும் அதிகமாக நம்புவாள். அவள் அப்பா பனாயோட்டிஸ் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். விழாவில் சீஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, புத்தகம் ரொம்ப மெலிசாக இருக்கிறது, இதைக் கொண்டுவரவா இரண்டு வருடப் படிப்பு என்று ரோவீனாவைக் கிண்டல் செய்தவர். கடல் மட்டத்திலிருந்து அவர் தலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று யோசித்துவிட்டு, யோசித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் தியோடோராவின் மஞ்சள் கார் நின்றது. ஆள் யாரும் இல்லை. மரப்படிகளில் இறங்கி ஓடினாள். கடைசி ஐந்து படிகளைக் காணவில்லை. அவற்றின் மேல் தண்ணீர் இருந்தது. ஒவ்வோர் அலையும் பாறைச் சுவரில் மோதி நுரையாக மேலே எழுந்தது. நடப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. தன் வாக்கியம் இட்டுச்செல்லும் இடம் இதுதான் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். தியோடோராவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இருபது நிமிடம் கழித்து, முனையைச் சுற்றிக்கொண்டு உயிர்காப்புச் சங்கத்தின் சிவப்பு ரப்பர் படகு வந்தது. அதில் நாலு தலைகள் தெரிந்தன. அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். இரண்டு பேர் சங்கத்து ஆட்கள். ஒன்று தியோடோரா. போர்வைக்குள் குறுகி உட்கார்ந்திருந்தது பனாயோட்டிஸ்.

ஆல்டன் குன்றின் மேலாகவே நடந்து தேடியிருக்கிறார். ஒரு விளிம்புப் பாறையில் இருவரும் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, மேலிருந்து கயிற்றை விட்டு, இடுப்பில் கட்டச் சொல்லி, படகு வரும்வரை மறுமுனையை ஒரு மரத்தில் சுற்றிப் பிடித்திருந்தார். கட்டிய சற்று நேரத்தில் ஓர் அலை பனாயோட்டிஸைத் தூக்கிப் பாறையில் அடித்தது. மணிக்கட்டு உடைந்தது. கயிறு இல்லாவிட்டால் ஆள் போயிருப்பார்.

படகு படியோரம் வந்து இருவரையும் இறக்கிவிட்டதும் தியோடோரா ரோவீனாவைக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது.

“எப்படிடி மாட்டினோம்னே புரியல. புத்தகத்துல இருந்தபடிதான் கிளம்பினோம். ஒரு நிமிஷம்கூட முன்னப்பின்ன இல்ல.”

அவளைத் தள்ளி நிறுத்தி, முகத்தைப் பார்த்து ரோவீனா சொன்னாள். “புத்தகம் தப்பு, தியோ. நான் மாத்திட்டேன். முன்னாடின்னு இருந்ததைப் பின்னாடின்னு ஆக்கிட்டேன்.”

தியோடோராவின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. அப்பாவின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேலேயிருந்து படியிறங்கி வந்த ஆல்டனின் இரண்டு உள்ளங்கைகளிலும் கயிறு தோலை உரித்திருந்தது. “அச்சுக்கு முன்னாடி சரிபாக்கச் சொல்லி எங்கிட்டயும் மெய்ப்பு அனுப்பினாங்க,” என்றார் யாரையும் பார்க்காமல். “எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். ஒரு வரிகூடப் படிக்கல.”

பனாயோட்டிஸ் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. “எழுதினவர் படிக்கல, திருத்தினவளுக்குப் புரியல. நடந்த மடையன் நான் ஒருத்தன்தான்.”



திங்கட்கிழமை வகுப்பில் ரோவீனா எழுந்து இரண்டு வாக்கியங்களையும் வாசித்துக் காட்டினாள். அதைத் திரையில் போட்டுக் காட்டியவள் நான்தான் என்று மட்டும் சொன்னார் பேராசிரியை. மீதியிருந்த பிரதிகளை அன்றே திரும்ப எடுத்தார்கள். விழாவில் போனவை நாற்பத்தொன்று. பெயர் தெரிந்தவர்களை ரோவீனா ஒவ்வொருவராக அழைத்தாள். சிலர் திட்டினார்கள், சிலர் அந்தப் புத்தகத்தை இன்னும் பிரிக்கவே இல்லை என்றார்கள். முப்பத்தொன்பது கணக்கில் வந்தது. இரண்டை வாங்கியது யார் என்று யாருக்கும் நினைவில்லை.

ஆல்டன் படிக்கட்டின் உச்சியில் ஒரு பலகை அடித்து வைத்தார். அதிலிருந்த ஒரே வரியை ரோவீனாதான் எழுதினாள். அவர் அதை மூன்று தடவை உரக்கப் படித்த பிறகுதான் ஆணி அடித்தார். தியோடோரா தேர்வு முடியும்வரை அவளோடு பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் பழைய மாதிரி இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க ரோவீனா சனிக்கிழமைகளில் அங்கே போய் நின்றாள். ஜூலையில் ஒரு நாள், பலகையை ஏறெடுத்தும் பாராமல் ஒரு தம்பதி இறங்கி வந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் அந்தக் கையேட்டின் பச்சை அட்டை தெரிந்தது. ரோவீனா ஓடிப்போய் வழியை மறித்தாள். மூச்சு வாங்க அவள் சொன்னதைக் கேட்டு அந்த ஆள் சிரித்தான், படியின் கீழே பார்த்தான், சிரிப்பை நிறுத்தினான்.

இன்னும் ஒரு பிரதி எங்கேயோ யார் வீட்டிலோ இருக்கிறது.